பம்ப்பை எடுத்துவிட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய சிப்களுக்குள் நுண்கால்வாய்கள் செதுக்கி, அவற்றில் திரவத்தைக் கொதிக்கவிட்டுப் பம்ப் இல்லாமலே குளிர்விப்பது பற்றிய கட்டுரை படித்தேன். நடு அடுக்கில் பிறக்கும் வெப்பத்துக்கு மேலே ஒட்டிய உலோகத் தகடு வெகுதூரம். நினைவகச் சிப் 85 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், அதிலுள்ள தரவை 64 மில்லிநொடிக்குப் பதில் 32 மில்லிநொடிக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே தேவையைப் பற்றி எனக்குச் சந்தேகமில்லை.

கொதித்தலின் ஆதாயமும் உண்மைதான். 100 வாட் வெப்பத்தை 10 டிகிரி மட்டும் சூடேறும் தண்ணீரால் அகற்ற நிமிடத்துக்குச் சுமார் 140 கிராம் ஓட வேண்டும். தண்ணீர் ஆவியானால் சுமார் 3 கிராமே போதும். (மின்சாரம் கடத்தாத எஃப்சி-72 போன்ற திரவங்கள் 56 டிகிரியிலேயே கொதிக்கும், ஆனால் அவற்றின் உள்ளுறை வெப்பம், அதாவது ஆவியாகும்போது ஒரு கிராம் உறிஞ்சும் வெப்பம், தண்ணீருடையதில் சுமார் 25-இல் ஒரு பங்குதான். கட்டுரை இதைத் தொடவில்லை.)

என் மறுப்பு வேறு இடத்தில். அகலமான பாத்திரத்தில் குமிழி மேலே போய்விடும். 0.1 மில்லிமீட்டர் கால்வாயில் அது முழுக் குறுக்களவையும் அடைத்துக்கொண்டு இருபுறமும் தள்ளும். வரும் திரவம் பின்வாங்கும், சுவர் உலர்ந்து அந்த இடம் சட்டென்று சூடேறும். இதற்குத் தெரிந்த மருந்து நுழைவாயைக் குறுக்குவது. குறுக்கினால் ஓட்டத்துக்குத் தடை கூடும். பம்ப் இருந்தால் கூடுதல் அழுத்தம் கொடுத்துச் சமாளிக்கலாம். 1981-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வாளர்கள் டக்கர்மனும் பீஸும் சிலிக்கான் நுண்கால்வாய்களில் சதுர சென்டிமீட்டருக்கு 790 வாட் அகற்றிக் காட்டியது தண்ணீரை அழுத்தித் தள்ளித்தான், கொதிக்கவிட்டு அல்ல.

பம்ப் இல்லாத சுற்றில் தள்ளுவது எது? ஒரு பக்கம் கனமான திரவம், மறுபக்கம் ஆவிக்குமிழி கலந்து லேசான திரவம். இந்த எடை வித்தியாசம் மட்டுமே. 10 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தமே வளிமண்டல அழுத்தத்தில் நூறில் ஒரு பங்குதான். குமிழியை அடக்க வேண்டிய தடையை இந்தச் சொற்ப அழுத்தம் தாங்குமா என்பதுதான் கேள்வி. வெளியேறும் பக்கம் கால்வாயை விரித்துக்கொண்டே போவது எனக்கு நல்ல வழியாகப் படுகிறது. நுழைவாயை அவ்வளவாக நெரிக்காமலே குமிழிக்குப் போக்கிடம் கிடைக்கும்.

ஈர்ப்பை நம்பும் அமைப்பு என்பதால், அசையாமல் நிற்கும் சர்வர்களுக்கு இது பொருந்தும், கைபேசிக்குப் பொருந்தாது. தொடர் கட்டுரை வருமானால் அகற்றிய வாட் கணக்கோடு, ஆவியைத் திரும்பத் திரவமாக்கும் பகுதி சிப்புக்கு மேல் எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதையும் குறிப்பிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு இயந்திரப் பொறியாளர்