பலகைக்குள் என்ன இருக்கிறது என்று அச்சிட வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பழைய துணியையும் பிளாஸ்டிக் கழிவையும் சேர்த்துச் சூடாக்கி அழுத்திப் பலகை, ஓடு, காரின் உட்புறத் தகடு எல்லாம் செய்கிறார்கள். நல்ல வேலை, இன்னும் பெருக வேண்டும் என்பதுதான் என் ஆசையும். ஆனால் இதைப் பற்றி வரும் செய்திகளைப் படித்தால் எந்தக் குப்பையையும் எந்தக் குப்பையோடும் கலந்துவிடலாம் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. அது சரியில்லை. பலகையின் தரம் பெரும்பாலும் தரம் பிரிக்கும் மேசையிலேயே முடிவாகிவிடுகிறது.

பருத்தி 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் கருக ஆரம்பிக்கும். நெய்த சாக்கிலும் பாட்டில் மூடியிலும் வரும் பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரி வாக்கில் உருகிவிடும், அதனால் இரண்டும் ஒத்துப்போகும். தண்ணீர் பாட்டிலின் பெட் பிளாஸ்டிக் உருகுவதற்கோ 250 டிகிரி வேண்டும், அதற்குள் பருத்தி தீய்ந்து போயிருக்கும். பிவிசி கொஞ்சம் கலந்துவிட்டாலும் போச்சு, சூட்டில் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பி, வேலை செய்கிறவர்களின் கண்ணையும் தொண்டையையும் எரிக்கும்.

அப்புறம் ஒட்டுதல். பருத்தி ஈரத்தை இழுக்கும், பாலிப்ரொப்பிலீன் தண்ணீரை அண்டவிடாது, இரண்டும் தானாகச் சேராது. துணியை நன்றாக உலர்த்தி, மலெயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள் ஏற்றிய பாலிப்ரொப்பிலீனைக் கொஞ்சம் சேர்த்தால்தான் பிடிப்பு வரும். சேர்க்காத பலகையை உடைத்துப் பாருங்கள், முறிந்த விளிம்பில் நூல்கள் அறுபடாமல் முழுசாக உருவிக்கொண்டு நிற்கும், எதிர்ப்பக்கத்தில் அவை இருந்த இடம் வெறும் துளையாகத் தெரியும். அந்தத் துணி சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கிழக்கு ஜெர்மனியில் 1957 முதல் 1991 வரை வந்த டிராபான்ட் காரின் மேற்கூடு பருத்திக் கழிவும் ஃபீனால் பிசினும் சேர்ந்ததுதான். துருப்பிடிக்காது, நன்றாகவே உழைத்தது. ஆனால் ஒருமுறை இறுகிய அந்தப் பிசினை மறுபடி உருக்க முடியாது, கார்கள் பழையதானபோது அந்தக் கூட்டை என்ன செய்வது என்பதே பெரிய தலைவலியாகிவிட்டது. பாலிப்ரொப்பிலீன் பலகை என்றால் அரைத்து மறுபடி வார்க்கலாம், ஒவ்வொரு முறையும் இழை குட்டையாகி வலு குறையும் என்றாலும்.

ஆகவே தயாரிப்பாளர்களை நான் கேட்பது ஒன்றுதான். எந்தப் பிளாஸ்டிக், எந்த இழை, மறுபடி உருக்க முடியுமா முடியாதா என்பதைப் பலகையின் பின்பக்கத்தில் அழியாமல் அச்சிடுங்கள். உங்கள் நிருபர்களும் இத்தகைய செய்தி எழுதும்போது இந்தக் கேள்விகளைக் கேட்டு, கிடைத்த பதிலையும் சேர்த்துப் போட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்