கம்பத்தை எந்தக் கிணற்றில் விடுவது?

மாரியம்மன் நோம்பிக் குழுப் பெரியவர்களுக்கும், ஊராட்சியில் பொறுப்பில் இருப்பவர்களுக்கும், நம் ஊர் எல்லைக்குள் வந்திருக்கும் மூன்று லே-அவுட்டுகளின் சங்கத்தாருக்கும்,

வணக்கம்.

போன சித்திரையில் கம்பம் பிடுங்கிய இரவு கிணற்றுமேட்டில் நின்றவர்களுக்கு அந்தச் சத்தம் நினைவிருக்கும். நோம்பித் திருவிழாவுக்குக் கோயில் முன்னால் நட்டு, பதினைந்து நாள் ஊர்ப் பெண்கள் அத்தனை பேரும் மஞ்சள் தண்ணீர் ஊற்றிய வேப்பங்கம்பம் அது. கடைசியில் அதைப் பிடுங்கிக் கிணற்றில் விடுவது வழக்கம். தண்ணீரில் விழுகிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் எப்போதும் வீட்டுக்குத் திரும்புவோம். அன்றைக்கு 'டொக்'கென்றது. டார்ச் அடித்துப் பார்த்தால், உடைந்த பிளாஸ்டிக் சேருக்கும் பந்தல் துணிக்கும் நடுவே சாய்ந்து கிடந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. பூசாரிதான் "சரி, போலாம்" என்றார்.

இப்போது அந்தக் கிணற்றை மண் போட்டு மூடி, மேலே 'பாரம்பரியப் பூங்கா' கட்டப் போவதாகக் கேள்விப்படுகிறேன். வரைபடத்தையும் பார்த்தேன். வாசலில் வளைவு, நடுவில் சிமெண்டில் ஒரு காங்கேயம் காளை, பக்கத்தில் நின்று போட்டோ எடுக்க மேடை. பிள்ளையார் கோயில் முக்கில் இருக்கும், புலியோடு மோதிச் செத்த வீரனுக்கு நட்ட புலிக்குத்திக் கல்லைப் பெயர்த்து வந்து, கிரானைட் பீடத்தில் வைத்து, சுற்றிலும் சில்வர் கம்பி போடுவதாகவும் அதில் இருக்கிறது. மார்ச் 22 கிராம சபையில் தீர்மானம் வருமாம். உலகத் தண்ணீர் தினத்துக்கென்று கூடுகிற கிராம சபையில் கிணறு மூடுகிற தீர்மானம்! தேதி பார்த்தவர் யாரோ.

நான் பூங்காவே வேண்டாம் என்கிற ஆள் இல்லை. ஊரில் பிள்ளைகள் விளையாட இடமில்லை என்பது எனக்கும் தெரியும். ரேஷன் கடைக்குப் பின்னால் இருக்கும் புறம்போக்கில் கட்டுங்கள், முதல் ஆளாக வந்து மரக்கன்று வைக்கிறேன். ஆனால் பாரம்பரியம் என்று பெயர் வைப்பதற்காக இருக்கிற பாரம்பரியத்தை எடுத்துவிட வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

முதலில் கிணறு. தெற்கு விளிம்புக் கல்லில் கை வைத்துப் பாருங்கள். கயிறு உரசி உரசி விழுந்த பள்ளம் ஏழு இருக்கிறது. நடுவில் இருப்பதில் என் கட்டைவிரல் முழுக்க அமிழும். கருங்கல்லில் அவ்வளவு ஆழம் இறங்க எத்தனை தலைமுறைப் பெண்கள் தண்ணீர் சேந்தியிருக்க வேண்டும்! என் அப்பத்தா இடது ஓரப் பள்ளத்தில்தான் கயிறு போடுவாராம், அது அவருக்குக் கைவாகு என்று. அவர் நினைவாக எனக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது, இந்தப் பள்ளம்தான் இருக்கிறது. தண்ணீர் வற்றியது போர்வெல் வந்த பிறகு. அதனால் கிணறு செத்துவிட்டது என்று சொல்கிறீர்கள். இந்தப் பக்கத்துக்கு அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் வர எத்தனை வருசம் போராடினார்கள்! பவானி உபரித் தண்ணீரை 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோகிற அந்தத் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. ஒரு பக்கம் நிலத்தடி நீர் ஏற வேண்டும் என்று அத்தனை தூரத்திலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டு வருகிறோம், இன்னொரு பக்கம் மழைத் தண்ணீர் இறங்க வழியுள்ள கிணற்றை மண் போட்டு அடைக்கிறோம். தூர் எடுத்து, கோயில் மண்டபத்து ஓட்டுத் தண்ணீரையும் பள்ளிக்கூடத்து மாடித் தண்ணீரையும் வடிகட்டி உள்ளே விட்டால், இரண்டு நல்ல மழைக்குள் கம்பம் விழ வேண்டிய அளவுக்காவது தண்ணீர் நிற்காதா? மேலே இரும்பு வலை போடலாம், வருசத்துக்கு ஒருநாள் திறக்கலாம்.

அடுத்தது கல். அந்த வீரனுக்குக் கொண்டை ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். புலி பின்னங்காலில் நின்று அவன் மார்பில் பாய்கிறது, அவன் கையிலிருக்கும் ஈட்டி அதன் வயிற்றில் இறங்கியிருக்கிறது. இந்த மாதிரிக் கல் கொங்குநாட்டில் பல ஊர்களில் உண்டு. மாடுதான் சொத்து என்று இருந்த நாட்டில், மாட்டுப்பட்டிக்கு வந்த புலியோடு மல்லுக்கு நின்று செத்தவனுக்கு ஊர் வைத்த மரியாதை அது. நம் கல்லுக்கு நாம் செய்த மரியாதை, மூன்று வருசத்துக்கு முன் நோம்பிக்கு எனாமல் பெயிண்ட் அடித்தது. புலி மஞ்சளாகி, வீரன் ரோஸ் நிறமாகி, மேலே இருந்த நாலு வரி எழுத்து பெயிண்டுக்குள் போய்விட்டது.

கல்வெட்டைப் படியெடுப்பதை ஒருமுறை பக்கத்து ஊரில் பார்த்திருக்கிறேன். கல்லைக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, பிரஷ்ஷால் தட்டித் தட்டி எழுத்துக் குழிக்குள் தாளை இறக்குகிறார்கள். பிறகு மேலே மையை ஒற்றினால், குழியில் இறங்கிய இடம் மட்டும் வெள்ளையாக நின்று எழுத்து தெரிகிறது. பெயிண்ட் போய் உட்கார்ந்த குழியில் தாள் எங்கே இறங்கும்? இனி அதை நாமே கத்தியால் சுரண்டவும் வேண்டாம், பெயிண்டோடு எழுத்தும் வந்துவிடும். தொல்லியல் துறைக்கு ஊராட்சி லெட்டர்பேடில் ஒரு கடிதம் எழுதினால் போதும்.

பெயர்த்து வைக்கவும் வேண்டாம். கல் நிற்கும் இடமும் ஒரு செய்திதான். கோவைக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் 'ராசகேசரிப் பெருவழி' என்று வெட்டியிருக்கிறதே, அது அங்கேயே இருப்பதால்தான் பாலக்காட்டுக் கணவாயைப் பார்த்து அந்தக் காலத்துச் சாலை எந்தப் பக்கம் போனது என்று நம்மால் விரலை நீட்டிக் காட்ட முடிகிறது. நம் புலிக்குத்திக் கல் பிள்ளையார் கோயில் முக்கில் நிற்கிறது என்றால், ஒருகாலத்தில் பட்டி அங்கே எங்கோ பக்கத்தில்தான் இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். பீடத்தில் ஏற்றிவிட்டால் இப்படி ஊகிக்கக்கூட முடியாது. இதே நொய்யல் கரையில் கொடுமணலில் 1985இல் முறையாக அகழாய்வு தொடங்கிய பிறகுதானே கல்மணி செய்த இடமும் பழந்தமிழ் எழுத்தான தமிழி பொறித்த பானை ஓடும் வெளியே வந்தன? அதுவரை அதுவும் சோளக்காடுதான்.

சிமெண்ட் காளையைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. அந்தக் காசில் பத்து வருசத்துக்கு, சித்திரையில் வெள்ளகோவில் பக்கம் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குப் பிள்ளைகளை பஸ்ஸில் கூட்டிப் போகலாம். உயிருள்ள காளை உறுமுவதைக் கேட்கட்டும்.

இனி லே-அவுட் சங்கத்தாருக்கு. உங்கள் 'ஸ்பிரிங் கார்னிவல்' அழைப்பிதழ் வந்தது, நன்றி. பங்குனி வெயிலுக்கு ஸ்பிரிங் என்று பெயர் வைத்ததற்குச் சிரித்தேன், ஆனால் வேம்பு பூக்கிற காலம் நமக்கும் இளவேனில்தான், மறுக்கவில்லை. என் மருமகள் உங்கள் கிளப் ஹவுசில்தான் வள்ளி கும்மி கற்றுக்கொள்கிறாள். 2024இல் பத்மஸ்ரீ வாங்கிய தேக்கம்பட்டி பத்திரப்பன் ஐயா, ஆண்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்த அந்த ஆட்டத்தைப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தவர். அவர் மாற்றியதால்தான் இன்றைக்கு உங்கள் கார்பார்க்கிங்கில் அறுபது பெண்கள் ஒரே மாதிரிச் சேலை கட்டி அடி வைக்கிறார்கள். அதை ஏன் காம்பவுண்டுக்குள்ளேயே ஆட வேண்டும்? மாவிளக்கு அன்றைக்குக் கோயில் வாசலில் ஆடுங்கள்.

பெரியவர்களே, இதற்கு உங்கள் பதில் எனக்குத் தெரியும்: "அவங்க தலைக்கட்டு இல்லீங்க." அதாவது, நோம்பிக்கு வரி கொடுக்கிற ஊர்க்குடும்பம் இல்லை என்று. நன்கொடை என்றால் அவர்கள் கேட்டில் போய் நிற்கிறோம், டியூப்லைட்டில் பெயர் எழுதுகிறோம், தலைக்கட்டு வரி மட்டும் வாங்க மாட்டோம். பத்து வருசமாக இங்கே குடியிருந்து, நோம்பி தொடங்கப் பூச்சாட்டினால் வெளியூரில் தங்காமல் ராத்திரியோடு திரும்பி வருகிற குடும்பங்கள் அங்கேயும் இருக்கின்றன. கேட்கிறவர்களிடம் வரி வாங்குவோம். அப்புறம், தீர்த்தக்குடம் கிழக்குத் தெருவுக்குள் போகாமல் முக்கிலேயே திரும்புவதும் பாரம்பரியம்தான் என்று யாராவது சொன்னால், அதை மட்டும் மண் போட்டு மூடிக்கொள்ளலாம். தப்பட்டை அடிக்க அந்தத் தெருக்காரர்கள் வேண்டும், தீர்த்தம் மட்டும் அங்கே போகக் கூடாதா?

கம்பத்தைச் சுற்றி ஆடுகிற ராத்திரிகளில் டிஜே வேண்டாம். போன தடவை தப்பட்டை எந்த அடியில் இருக்கிறது என்று ஆடுகிறவனுக்கே கேட்கவில்லை. சலங்கை கட்டிய கால் அடிக்கு மாறுகிற இடம்தான் அந்த ஆட்டத்தின் ருசி, அதை ஸ்பீக்கர் விழுங்கிவிட்டது. கடைசிநாள் மஞ்சள் நீராட்டுக்கு எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சின்ன விசயம். கம்பத்துக்கு மூன்று கவை விட்ட வேப்பங்கிளை வேண்டும். ஊருக்குள் அப்படி இருந்த மரங்கள் ரோடு அகலப்படுத்தியபோது போய்விட்டன. இப்போது மிச்சமிருப்பது வடக்கு லே-அவுட் காம்பவுண்டுக்குள், தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நிற்கும் ஒரே மரம். இரண்டு வருசத்துக்கு முன் கிளை வெட்டப் போனபோது செக்யூரிட்டித் தம்பி நோட்டை நீட்டினார். பாவம், அவர் வேலை அது. தேங்காயும் அரிவாளுமாக நின்ற பூசாரி பேனாவை வாங்கி, 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'மாரியாத்தா' என்று எழுதினார். 'வெளியே சென்ற நேரம்' காலியாக விட்டுவிட்டார்.

இந்த வருசம் பூச்சாட்டுகிற செவ்வாய்க்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு வருவோம். வடக்கு கேட் திறந்திருந்தால் போதும். கிளை இறங்குகிற இடத்தில் நிற்கும் கார்களை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்தச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளையார் கோயில் வீதிக்காரன் ஒருவன்