பெட்ராவில் நீ பார்க்க வேண்டியது

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று இரவுதான் சிங்கப்பூர் வந்து சேர்ந்தோம், அம்மா இன்னும் தூங்குகிறாள். ஜோர்டான் படங்களை உனக்கு அனுப்பியிருப்பாள், பெரும்பாலும் பாறையைக் குடைந்து அமைத்த பழைய நகரமான பெட்ராவின் கஸ்னாவாகத்தான் இருக்கும். கிட்டத்தட்ட 40 மீட்டர் உயரத்துக்கு மலையைச் செதுக்கி எடுத்த முகப்பு அது, அழகுதான், ஆனால் நான் சொல்ல வருவது அம்மா படம் எடுக்காத ஒன்றைப் பற்றி.

ஊருக்குள் போக 'சிக்' என்று ஒரு மலைப்பிளவு, 1.2 கிலோமீட்டர் நீளம், சில இடங்களில் மூன்று மீட்டர் அகலம்கூட இருக்காது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடக்கிறார்கள். நான் சுவரைத் தொட்டுக்கொண்டே நடந்தேன். ஒரு பக்கம் பாறையில் வெட்டிய வாய்க்கால், மறுபக்கம் சுட்ட மண்குழாய் பதித்த தடம். ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவில்தான் மழை பெய்கிற இடத்தில், 2,000 ஆண்டுகளுக்கு முன்பே பெட்ராவைக் கட்டிய நபாத்தியர்கள் மலை ஊற்றிலிருந்து நகரத்துக்குக் குடிநீர் கொண்டுவந்த வழி அது. நம் ஊரில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்தும் நாம் படுகிற பாடு உனக்குத் தெரியும். வாய்க்காலைக் கண்டதும் உன் ஞாபகம்தான் வந்தது. நீ பெர்த்தில் கடல்நீரைக் குடிநீராக்கும் வேலையில் இருக்கிறாய், அந்த வேலையின் பெருமை உனக்கே சரியாகத் தெரியுமா என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

நபாத்தியர்களுக்குத் தண்ணீர் வராததும் பயம், வந்தால் அதுவும் பயம். பாலைவனத்து மழை மண்ணில் இறங்காமல் அப்படியே வெள்ளமாகப் பிளவுக்குள் பாயும். அதனால் சிக்கின் வாசலிலேயே அணை கட்டி, மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் போட்டு வெள்ளத்தை வேறு பக்கம் திருப்பிவிட்டார்கள். காலப்போக்கில் அணை சிதைந்துவிட்டது. 1963 ஏப்ரலில் திடீர் வெள்ளம் வந்து பிரெஞ்சுப் பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் சிக்கிலேயே இறந்துபோனார்கள், அதன் பிறகுதான் அணையைத் திரும்பக் கட்டினார்கள்.

அதே ஏப்ரலில்தான் சிங்கப்பூரில் வறட்சியால் தண்ணீர் ரேஷன் தொடங்கியது. செம்பவாங் கிராமத்தில் அப்பத்தா வாளி வாளியாகப் பிடித்து வைத்ததைச் சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார், குழாயைத் திறந்துவிட்டுப் பல் தேய்த்தால் அடி விழும். பழைய அணை இருந்த இடத்தில் நின்றபோது அப்பத்தாவைக் கூட்டிவந்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொண்டது.

நீ கட்டாயம் போய்ப் பார். வெயில் காலம் வேண்டாம். காலை ஆறு மணிக்கே உள்ளே விடுகிறார்கள், கூட்டம் வருமுன் சிக்கை மெதுவாக நடந்து முடி. மலைமேல் பாறையில் செதுக்கிய 'மடாலம்' என்ற இடத்துக்கு 800 படிகளுக்கு மேல், அம்மா ஏறிவிட்டாள், நான் பாதியில் உட்கார்ந்துவிட்டேன்.

அப்புறம் ஒரு கேள்வி. பம்பு கிடையாது, வெறும் சரிவுதான், அப்படியிருக்க மண்குழாய் இணைப்புகள் அழுத்தத்தில் விட்டுப்போகாமல் எப்படித் தாங்கின? ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது எனக்குப் புரிகிற மாதிரி சொல்லு.

அப்பா