காணாமல் போன ஒன்பதாம் தேதி

அன்பு மகளுக்கு,

போன வாரம் வீடியோ காலில் உன் பையன் கேட்டான்: "தாத்தா, உங்க கப்பல்ல அம்மாவோட பர்த்டே நிஜமாவே காணாமப் போச்சா?" நீ பின்னால் நின்று சிரித்துக்கொண்டிருந்தாய். நானும் "ஆமாண்டா கண்ணா, கடல்ல விழுந்துடுச்சு" என்று சொல்லிவிட்டேன். போனை வைத்த பிறகு தூக்கம் வரவில்லை. அந்தக் கதையில் பாதியைத்தான் இதுவரை உன்னிடம் சொல்லியிருக்கிறேன். மீதியைச் சொல்ல போனில் வாய் வராது.

2006 பிப்ரவரி. லாங் பீச்சிலிருந்து யோகோஹாமாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மேற்கே போகப் போக, நாலு ராத்திரி கப்பல் கடிகாரத்தை ஒவ்வொரு மணி நேரமாகப் பின்னால் தள்ளியிருந்தார்கள். எட்டாம் தேதி சாயங்காலம் சாப்பாட்டு மெஸ்ஸில் நோட்டீஸ் ஒட்டினார்கள்: பசிபிக் நடுவே நாள் மாறுகிற தேதிக் கோட்டைத் தாண்டுகிறோம், நாளை வெள்ளிக்கிழமை, பத்தாம் தேதி. வியாழக்கிழமையே கிடையாது. உனக்குப் பத்து வயது நிறைகிற நாள் அது.

இதுவரை நீ கேட்ட கதை. எல்லாம் உண்மைதான்.

அன்றைக்கு எனக்கு ராத்திரி பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை வாட்ச், அதாவது காவல் முறை. நள்ளிரவில், கப்பலை ஓட்டுகிற மேல்தள அறையான பிரிட்ஜுக்கு ஏறினேன். குளிர்கால வட பசிபிக், கப்பல் மூக்கைக் குத்திக் குத்தி எழுந்துகொண்டிருந்தது. இருட்டைப் பார்த்தபடி கண்ணாடி ஓரம் நிற்பதுதான் என் வேலை. செகண்ட் ஆபீசர் பதிவேட்டில் பத்தாம் தேதி என்று எழுதினார். அவர் தலைக்கு மேலே, எந்தக் கடலிலும் மாற்றாத கிரீன்விச் கடிகாரம். அதில் மணி பன்னிரண்டு. ஆனால் அது ஒன்பதாம் தேதி மத்தியானம். அதோடு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால் வீட்டில் சாயங்காலம் ஐந்தரை. ஸ்கூல் விட்டு நீ வந்திருப்பாய். நான் வாட்ச் முடிந்து இறங்கும்போது கூட அங்கே இரவு ஒன்பதரைதான். நீ தூங்கியிருக்க மாட்டாய்.

சாட்டிலைட் போன் பத்தடி தள்ளி இருந்தது. என் கார்டில் பதினோரு நிமிடம் பாக்கி இருந்தது.

கணக்கே போடவில்லை, அம்மா. நாள் போய்விட்டது, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டு கீழே போய்ப் படுத்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் அதை வேடிக்கைக் கதையாக ஆக்கிவிட்டேன். உனக்கும் அது பிடித்துப்போனது.

சரி, சொல்ல ஆரம்பித்தாயிற்று. அந்தக் காற்றாலை சாவிக்கொத்து ஞாபகம் இருக்கிறதா? "அப்பா ராட்டர்டாமில் வாங்கியது" என்று வகுப்பு முழுக்கக் காட்டினாயே. நான் அந்த ஊருக்குள் கால் வைத்ததில்லை. கன்டெய்னர் கப்பல் நிற்கிற மாஸ்ஃப்ளாக்டே, நகரத்தை விட்டு எங்கோ கடலோரத்தில், கடலைத் தூர்த்து உண்டாக்கிய மண். மாலுமிகளுக்காக நடத்துகிற கிளப்பின் வேனில் போய், அங்கிருந்த சின்னக் கடையில் ஒரு போன் கார்டும் அந்தச் சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். சரக்கை இறக்கி ஏற்ற ஒரு நாள் போதும். அதில் பாதி கயிறு கட்டுவதிலும், கப்பலின் ஏறுபடியில் நிற்கிற கேங்வே வாட்சிலும் போய்விடும்.

ஊர் என்று நான் பார்த்ததெல்லாம் கப்பலில் இருந்தபடியேதான். சூயஸில் 193 கிலோமீட்டர், கரையில் நிற்கிறவர்களின் முகம்கூடத் தெரியும். பனாமாவில் கப்பலைப் படிப்படியாகத் தூக்கி, கடலை விட 26 மீட்டர் உயரத்தில் ஒரு ஏரியில் விடுவார்கள். இரண்டு பக்கமும் காடு. மழை பெய்தால் மண் வாசனை டெக் வரை வரும். மாதக்கணக்கில் உப்பையும் டீசலையும் மட்டுமே மோந்தவனுக்கு அது என்னவோ செய்யும்.

2020 கொரோனா பற்றி உனக்குத் தெரியும். ஆள் மாற்றப் பெரும்பாலான துறைமுகங்கள் விடவில்லை. உலகம் முழுக்கச் சுமார் நாலு லட்சம் மாலுமிகள் அப்படி மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது மாத ஒப்பந்தம் பதினாலு மாதமானது. உன் பையனை நான் கையில் வாங்கும்போது அவனுக்கு ஏழு மாதம். என்னைப் பார்த்து அழுதான். அதில் என் தப்பு ஒன்றுமில்லை, அதனால் அது உறுத்துவதில்லை. அந்தப் பதினோரு நிமிடம்தான் உறுத்துகிறது.

இப்போது கொரியாவின் புசானிலிருந்து பனாமாவின் பால்போவாவுக்குப் போகிறோம். கிழக்குத் திசை, அதனால் இந்தத் தடவை ஒரு நாள் இரண்டு முறை வரும். வருகிற செவ்வாய்க்கிழமை. கேப்டன் கவனமாக ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிட்டார்; இரண்டு ஞாயிறு வந்தால் ஓவர்டைம் கேட்போம் என்று பயமோ என்னவோ.

அந்த இரண்டு செவ்வாய்க்கிழமையும் கூப்பிடுகிறேன். இரண்டாவது தடவை சொல்ல விஷயம் எதுவும் இருக்காது, பரவாயில்லை, எடு.

அப்புறம், பையனிடம் கதையை மாற்றிச் சொல்லிவிடாதே. கடலில் விழுந்தது என்றே இருக்கட்டும்.

அப்பா