நிறமற்ற வாயுவுக்கும் வரம்பு வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வயலில் இடும் யூரியாவிலிருந்து நைட்ரஸ் ஆக்சைடு வெளியேறுவது குறித்துத் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். உலகில் மனிதச் செயல்களால் வெளியேறும் நைட்ரஸ் ஆக்சைடில் பெரும்பங்கு வேளாண்மையிலிருந்தே வருகிறது என்பது உண்மைதான். ஆனால், பரந்து கிடக்கும் வயல்களில் அதைப் பிடிப்பது எளிதன்று. அதே வாயு ஒற்றைப் புகைபோக்கி வழியாக வெளியேறும் நைட்ரிக் அமில ஆலைகளைக் கட்டுரை தொடவே இல்லை. அப்படிப்பட்ட ஆலையில் வேலை பார்த்த வேதிப் பொறியாளன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இவ்வாலைகளின் பர்னர் எனும் எரிகலனில், பிளாட்டினம், ரோடியம் கலந்த மெல்லிய கம்பிகளைத் துணிபோல நெய்த வலைகளின் மேல், காற்றோடு கலந்த அம்மோனியா ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் எரிகிறது. பர்னரின் பார்வைக் கண்ணாடி வழியே நோக்கினால் வலை முழுவதும் தணலாகத் தகிப்பது தெரியும். அங்கே அம்மோனியாவின் பெரும்பகுதி அமிலத்துக்குத் தேவையான நைட்ரிக் ஆக்சைடாக மாற, சிறு பகுதி மட்டும் நைட்ரஸ் ஆக்சைடாகிவிடுகிறது. ஆலை இயங்கும் அழுத்தத்தைப் பொறுத்து, ஒரு டன் அமிலத்துக்கு இது சுமார் 5 முதல் 9 கிலோ வரை இருக்கும். சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் புவியைச் சூடாக்குவதில், நூறாண்டுக் கணக்கில் ஒரு கிலோ நைட்ரஸ் ஆக்சைடு 273 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். நாளொன்றுக்கு 1,000 டன் அமிலம் தயாரிக்கும் ஆலை டன்னுக்கு 7 கிலோ வீதம் வெளியிட்டால், அதன் ஒரு நாள் உமிழ்வு சுமார் 1,900 டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடாகிறது. ஓசோன் படலத்தையும் அரிக்கும் இவ்வாயு, ஓசோனைக் காக்கும் மான்ட்ரியல் ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இன்றளவும் இடம்பெறவில்லை.

புகைபோக்கியில் பழுப்பு நிறப் புகை தெரிந்தால் ஊர் மக்கள் புகார் கொடுப்பார்கள், அதிகாரிகள் வருவார்கள். அந்த நிறம் நைட்ரஜன் டை ஆக்சைடினுடையது; அதற்கு வரம்பும் உண்டு, கருவியும் உண்டு. நைட்ரஸ் ஆக்சைடுக்கு நிறம் இல்லை. பழுப்புப் புகையை நீக்கும் வழக்கமான கருவி இதை நீக்குவதுமில்லை.

இத்தனைக்கும் இவ்வாயுவைச் சிதைக்கும் வினையூக்கிகள் புதியவை அல்ல. வலைக்கு நேர் கீழே, வலையைத் தாங்க ஏற்கெனவே இருக்கும் கூடையிலேயே கோபால்ட் போன்ற உலோக ஆக்சைடுகளாலான குறுமணிகளைப் பரப்பினால், பெரும்பகுதி நைட்ரஸ் ஆக்சைடு பர்னருக்குள்ளேயே நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் சிதைந்துவிடும். கடைசியில் வெளியேறும் வாயுவில் இரும்பேற்றிய சியோலைட்டை (நுண்துளைகள் நிறைந்த கனிமத்தை) வைப்பது இன்னொரு முறை. அதிலுள்ள இரும்பு, மூலக்கூறின் ஆக்சிஜன் அணுவைப் பற்றிக்கொண்டு நைட்ரஜனை விடுவிக்கும். பின்னர் ஆக்சிஜன் அணுக்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து வெளியேறும். நன்கு இயங்கும் அமைப்பு 95 விழுக்காட்டுக்கு மேல் அழித்துவிடுகிறது. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் 2003ஆம் ஆண்டிலேயே இம்முறை நடைமுறைக்கு வந்துவிட்டது.

கியோட்டோ உடன்படிக்கையின் தூய்மை வளர்ச்சி முறையின் கீழ் இந்தியா உட்படப் பல நாடுகளின் ஆலைகள் வினையூக்கி பொருத்தி, குறைத்த உமிழ்வுக்கு ஈடாக விற்கத்தக்க கார்பன் வரவு பெற்றன. 2012இன் இறுதியில், ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான வரவின் விலை ஒரு யூரோவுக்கும் கீழே சரிந்ததும், உலகின் பல ஆலைகளில் இப்பணி நின்றுபோனது. வினையூக்கியால் ஆலைக்கு ஒரு கிலோ அமிலம்கூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை. வருமானம் நின்றால் நிர்வாகம் ஏன் செலவழிக்கப் போகிறது? ஐரோப்பிய ஒன்றியமோ 2013 முதல் நைட்ரிக் அமில ஆலைகளைத் வெளியிடும் ஒவ்வொரு டன்னுக்கும் உரிமம் ஒப்படைக்க வேண்டிய தன் உமிழ்வு வணிகத்தில் கட்டாயமாகச் சேர்த்தது. அந்த வேறுபாட்டை நம் அரசு கவனிக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

சந்தை விலையை நம்பி இதை விட்டுவிடலாகாது. நைட்ரிக் அமில ஆலைகளுக்கான உமிழ்வு வரம்புகளில் நைட்ரஸ் ஆக்சைடுக்கும் டன்னுக்கு இத்தனை கிலோ என ஓர் அளவை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சேர்க்க வேண்டும். பழைய ஆலைகளுக்கு, வலை மாற்றுவதற்காக எப்படியும் உற்பத்தியை நிறுத்தும் நாட்களிலேயே குறுமணிகளை நிரப்பிக்கொள்ளும்படி கால அவகாசம் தரலாம். புதிய ஆலைகளுக்கோ, அழிக்கும் அமைப்பும் புகைபோக்கியில் தொடர் அளவீட்டுக் கருவியும் இல்லாமல் அனுமதியே வழங்கக் கூடாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதிப் பொறியாளர்,
சென்னை