வடக்கு வீதி மேளம்

இணுவில்,
ஆனி மாதக் கடைசி.

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. பதில் எழுதவில்லை என்று கோபிக்காதே. நம் அம்மன் கோயில் திருவிழா முடிவில் வரும் பூங்காவனம் ஆகட்டும், அன்றிரவு மேளத்தைக் கேட்டுவிட்டு எழுதுவோம் என்று வேண்டுமென்றேதான் வைத்திருந்தேன். 'இப்பவும் சனம் விடிய விடிய இருந்து மேளம் கேட்கிறதா, இல்லை சுவாமி வீதி சுற்றி உள்ளே போனதும் எழும்பிப் போய்விடுகிறதா' என்று கேட்டிருந்தாய். அதற்கு ஊகத்தில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வீட்டில் எல்லோரும் சுகம். மகளுக்குக் கிளிநொச்சிக்கு இடமாற்றம் கிடைத்திருக்கிறது. கிணற்றடியில் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரம் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது, ஆனால் பாதியை அணில் கொண்டுபோய்விட்டது. மற்றபடி ஊர்ப்புதினம் பெரிதாக ஒன்றும் இல்லை. நேரே பூங்காவனத்துக்கு வருகிறேன்.

அன்று காலையிலேயே மாஸ்டர் சைக்கிளில் வந்து படலையில் நின்று மணி அடித்தார். எழுபது தாண்டியும் அந்தச் சைக்கிளை விடவில்லை மனுசன். கொழும்பிலிருந்து சின்னவன் முதல்நாள் இரவு ரயிலில் வந்திருந்தான். பபா வழக்கம்போலக் கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு வந்தான். நால்வரும் ஒன்றாக இருந்து எத்தனை வருடம் என்று எண்ணிப் பார்த்தோம். ஐந்தாவது ஆள் நீ. மாஸ்டர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. திருவிழாப் பத்து நாளும் ஊரே சைவம் என்பது உனக்குத் தெரியும்தானே. வாழைக்காய்க் கறி, பூசணிக்காய், முருங்கையிலை வறை, கடைசியில் பாயாசம். சாப்பிட்டுவிட்டு விறாந்தையில் பாயைப் போட்டுப் படுத்தோம். ஒருவரும் நித்திரை கொள்ளவில்லை. ஐந்து மணிவரை ஒரே கதைதான்.

கதை எங்கே போனாலும் கடைசியில் தவில் வித்துவான் தெட்சணாமூர்த்தியிடம் வந்து நிற்கும். அன்றும் அப்படித்தான். இந்த இணுவில் மண்ணில் 1933இல் பிறந்து, பிறகு அளவெட்டியில் வாழ்ந்து, 1975இல் போய்விட்டார். தமிழ்நாட்டிலிருந்து பெரிய பெரிய நாதஸ்வர வித்துவான்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்து வாசித்த காலத்தில், இங்கிருந்து அங்கே போய் அவர்களையே திரும்பிப் பார்க்க வைத்த தவில் அது. என் ஐயா என்னைச் சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டிப்போய் அவர் வாசிப்பைக் கேட்கவைத்தபோது எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். வாசிப்பு எனக்கு விளங்கவில்லை. ஐயாவின் கை மட்டும் நினைவில் நிற்கிறது. என் தோளில் தாளம் போட்டுக்கொண்டே இருந்த அந்தக் கை ஒரு இடத்தில் அப்படியே நின்றுவிட்டது. பிறகு எல்லோரும் 'ஆ' என்றார்கள். ஐயா அழுதுகொண்டிருந்தார். இதை உனக்கு முன்பும் சொல்லியிருப்பேன். பரவாயில்லை, இன்னொரு தரம் கேள்.

பின்னேரம் வெளிக்கிட்டு ஒழுங்கையால் நடந்து போனோம். சோளகக் காற்று. கோயிலுக்கு இன்னும் கால் மைல் இருக்கும்போதே நாதஸ்வரம் காதில் விழுந்தது, ஒருக்கால் பெரிதாக, ஒருக்கால் இல்லாமல், காற்று எப்படி எப்படித் திரும்புகிறதோ அப்படி. பபா நடையை நிறுத்திவிட்டு, ராகம் பிடித்து, "கல்யாணி" என்றான். மாஸ்டர் சிறிது கேட்டுவிட்டு "ஓம்" என்றார். எனக்கு அந்த இடத்திலேயே திருவிழா தொடங்கிவிட்டது.

வீதி முழுக்கக் கச்சான் கடைகள், ஐஸ்கிரீம் வான், தும்பு முட்டாஸ், விளையாட்டுச் சாமான். அதெல்லாம் நீ விட்டுப்போன மாதிரியே இருக்கிறது. மாறியது ஒலிபெருக்கிதான். அதைப்பற்றி எனக்கு உண்மையான மனவருத்தம் உண்டு. இந்த முறை பிடித்த சவுண்ட் செற்காரர் கோயிலைச் சுற்றி ஆள் உயரப் பெட்டிகளாக அடுக்கிவிட்டார். மைக்கைத் தவிலின் வலந்தலை, அதாவது வலப்பக்கம், மட்டும் வைத்ததால் விரலடி எல்லாம் கல்லெறிந்த மாதிரிக் காதில் குத்தியது. இடப்பக்கம் தொப்பியில் கழியால் அடித்து, தோலை அமத்தி எடுக்கிற அந்தக் கும்மென்ற நாதம் அடியோடு காணாமல் போனது. தவிலின் வயிறே அங்கேதானே இருக்கிறது! மாஸ்டர் போய்த் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். "சனம் தூரத்திலேயும் நிற்குது ஐயா" என்று பதில் வந்தது. சரி என்று நாங்கள் மேளகாரருக்குப் பத்தடி கிட்டப் போய், பெட்டிகளுக்கு உள்பக்கமாக மணலில் இருந்துவிட்டோம். அங்கே தோலின் சத்தம் நேரே வந்தது.

சுவாமி வெளியே எழுந்தருளியபோது மல்லாரி. கம்பீரநாட்டை ராகத்தில் அந்த முதல் அடி விழுந்ததும் எனக்கு இன்றைக்கும் மயிர் கூச்செறிகிறது. பாட்டுச் சொல் ஒன்றும் இல்லாமல், லயத்தையும் ராகத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு ஒரு தெய்வத்தை வாசலுக்கு அழைத்துவர முடிகிறது பார். கிழக்கு வீதி, தெற்கு வீதி, மேற்கு வீதி என்று சுவாமியோடு நாங்களும் நடந்தோம். வடக்கு வீதிக்கு வந்ததும் சுவாமியை நிறுத்தினார்கள். அந்த வேப்பமரத்தடிதான், நாங்கள் ஐந்து பேரும் இருக்கும் இடம். இரண்டு நாதஸ்வரம், நான்கு தவில். மணி பத்தரை.

முதல் அரை மணி நேரம் காம்போதி ராகம். நாதஸ்வரகாரருக்கு ஐம்பது வயது இருக்கும். இடையில் சீவாளி, ஊதுகிற நாணல் துண்டு, சரிவரவில்லை. குழலின் கழுத்தில் தொங்கிய சீவாளிகளில் இன்னொன்றை எடுத்து, உதட்டில் நனைத்து, குச்சியால் கொஞ்சம் விரித்துப் பொருத்தினார். அதுவரைக்கும் மற்றவர் அந்த ஒற்றை ஸ்வரத்தை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, மூன்று. சனம் அசையவில்லை. இவர் திரும்ப ஊதியபோது அந்த ஸ்வரத்திலிருந்தே மேலே ஏறினார். எங்களுக்குப் பின்னால் இருந்த ஒரு அம்மா "ஐயோ என்ரை பிள்ளை" என்றது எனக்குக் கேட்டது.

பிறகு தவில். அதை எப்படி எழுதுவது என்று இரண்டு நாளாக யோசிக்கிறேன். பெரியவர் ஆதி தாளத்தில் அட்சரத்துக்கு, அதாவது தாளத்தின் ஒரு எண்ணிக்கைக்கு, நான்கு என்று நிதானமாகத் தொடங்கினார். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெடியன், பதினாறு பதினேழு வயதுதான், மீசை கூட முளைக்கவில்லை. அவர் விட்ட இடத்தில் இவன் எடுத்து, நடையை ஐந்துக்கு மாற்றிவிட்டான். தாளம் அதே எட்டு அட்சரம்தான், உள்ளே ஓடும் கணக்கு முப்பத்திரண்டிலிருந்து நாற்பதாக மாறிவிட்டது. பெரியவர் திரும்பி அவனைப் பார்த்தார். சிரிக்கவில்லை. தலையை மட்டும் மெல்ல அசைத்தார். அப்போது வீதியைச் சுற்றிப் பார்த்தேன் மச்சான். கிழவர்கள், வேட்டியோடு நின்ற இளந்தாரிகள், பிள்ளையை மடியில் வைத்திருந்த பெண்கள், ஒரு இருநூறு கை ஒன்றாக விழுந்து, விரல் எண்ணி, ஒன்றாக வீசிக்கொண்டிருந்தன. நடை மாறிய இடத்தில் சில கைகள் தடுமாறின. பக்கத்துக் கையைப் பார்த்துத் திருத்திக்கொண்டன. வாசிப்பை முடிக்கிற கடைசிக் கோர்வை மூன்று தரம் வந்து சமத்தில், தாளம் தொடங்கும் இடத்தில், விழுந்தபோது எல்லாக் கையும் ஒரே அடியாக விழுந்தன. ஐயாவின் கை என் தோளில் நின்றது ஏன் என்று எனக்கு அப்போதுதான் சரியாக விளங்கியது.

இதுதான் உன் கேள்விக்கு என் பதில். சனம் கொஞ்சம் குறைந்துவிட்டது, மறைக்கவில்லை. பாதிப் பேர் பதினொரு மணிக்கு முன்பே போய்விட்டார்கள். ஆனால் இருந்தவர்கள் கையோடு இருந்தார்கள். கேட்கிறவன் கையில் தாளம் இருக்கும்வரை வாசிக்கிறவனால் ஏமாற்ற முடியாது, அவனுக்குப் பயமும் இருக்கும், துணையும் இருக்கும். 2011 மார்ச்சில் நீ வந்து நின்றபோது இங்கே மூன்று நாள் இசை விழா நடந்ததே, தெற்கே காலி நகரத்திலும் யாழ்ப்பாணத்திலும் மாறிமாறி வைத்தார்களே, நினைவிருக்கிறதா? தெற்கிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வந்தவர்களை வெட்டவெளியில் இருந்து நாங்கள் ஆசையோடு கேட்டோம். மூன்று நாளும் நல்ல நாட்கள். ஆனாலும் இரண்டாம் நாள் நீ ஒன்று சொன்னாய்: "இவையின்ரை தாளம் எனக்குக் கையிலே வருகுதில்லை, அதுதான் துக்கம்." அந்தச் சொல் எனக்கு இந்த வடக்கு வீதியில் திரும்ப நினைவு வந்தது.

இடைவேளையில் தேத்தண்ணியும் பனங்கட்டியும் கொடுத்தார்கள். அந்தப் பெடியன் எங்களுக்குப் பக்கத்தில் வந்து இருந்து விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மடியில் வைத்தான். துணிக் கீலத்தைப் பசையில் தோய்த்துச் சுற்றிச் சுற்றிக் காயவைத்துச் செய்வது, கல்லு மாதிரி இருக்கும். உள்ளே விரல் நுனி வெளிறிச் சுருங்கி, நகத்தடியில் இரத்தம் கன்றியிருந்தது. "நோகேல்லையோ தம்பி?" என்று மாஸ்டர் கேட்டார். "வாசிக்கேக்கை தெரியாது ஐயா" என்றான். காலையில் நான்கு மணிக்கு எழும்பி, தவில் இல்லாமல் பலகையில் வெறுங்கழியால் சாதகம் செய்வானாம். தாத்தா காலத்துத் தவில்தானாம் அது, பலாக்கட்டை. வார் பிடித்திருந்ததை அப்பா இரும்பு ஆணி வைத்து மாற்றினாராம்.

அதைக் கேட்டதும் எனக்கு 1995 ஒக்டோபர் 30 இரவு நினைவு வந்தது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து வலிகாமச் சனம் முழுக்க மழையில் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்தபோது, எனக்கு முன்னால் ஒருவர் சைக்கிள் கரியரில் தவிலைச் சாரத்தால் சுற்றிக் கட்டிக்கொண்டு உருட்டிக்கொண்டு போனார். அவருடைய மனைவியின் கையில் ஒரு பையும் ஒரு பிள்ளையும். வேறு ஒரு சாமானும் இல்லை. அந்த மனுசன் ஆர் என்று எனக்குத் தெரியாது. மழை தோலில் படக்கூடாது என்று தன் சேட்டையும் கழற்றி மேலே போட்டிருந்தார். அதற்குப் பிறகு எத்தனை வருடம் ஊரடங்குக்குப் பயந்து பூங்காவனத்தைப் பகலிலேயே முடித்தோம். இரவு ராகங்களை வெயிலில் வாசித்தார்கள். நீ அந்த வருடங்களில் இங்கே இல்லை. பெடியனிடம் இதெல்லாம் நான் சொல்லவில்லை. அவனுடைய தவிலை ஒருக்கால் தொட்டுப் பார்க்கலாமா என்று மட்டும் கேட்டேன். "தொடுங்கோ" என்றான்.

இரண்டு மணிக்குப் பிறகு ஊஞ்சல். அம்மனை ஊஞ்சலில் வைத்து ஊஞ்சற் பாட்டுப் பாடி முடிய, நீலாம்பரி ராகம். சின்னவன் என் தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டான். நான் அசையாமல் இருந்தேன். சுவாமி உள்ளே போய் நடை சாத்தும்போது கிழக்கு வெளுக்கத் தொடங்கியிருந்தது. வெறும் வீதியில் கச்சான் கோதும் செருப்புத் தடமும் கிடந்தன. மேளகாரர் வானில் தவில்களை ஏற்றினார்கள். பெரியவர் எங்களைக் கடந்து போகும்போது நின்று, "நீங்கள் நாலு பேரும் கிட்ட இருந்து தாளம் போட்டது நல்லாயிருந்தது" என்று சொல்லிவிட்டுப் போனார். மாஸ்டர் வீடு போய்ச் சேரும்வரை வாய் திறக்கவில்லை.

ஒரு காரியம் மறந்துபோனேன். அன்றிரவு பேசும்போது, எண்பத்து இரண்டிலோ எண்பத்து மூன்றிலோ கைத்தாளம் போடுகிற பெடியன் நித்திரையாகிவிழ, நீ ஓடிப்போய் அதை வாங்கி விடியும்வரை போட்ட கதை வந்தது. அடுத்த நாள் அந்தப் பித்தளைச் சோடியை அவர்கள் உன்னிடமே கொடுத்துவிட்டார்கள் அல்லவா? அது உங்கள் பழைய வீட்டில் இருக்கும் என்று பபா போய்த் தேடினான், இல்லை. நீ கொண்டுபோனாயா? உன்னிடம் இருந்தால் எழுது. இருந்தால் அடுத்த வருடம் கையோடு கொண்டு வா. பஞ்சாங்கம் வந்ததும் கொடியேற்ற நாளை அறிவிக்கிறேன், பலாலிக்கோ கொழும்புக்கோ ரிக்கெற்றை நேரத்தோடு எடு. வேப்பமரத்தடியில் மாஸ்டருக்கும் எனக்கும் நடுவில் இடம் விட்டுத்தான் இருந்தோம்.

பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
நண்பன்.