‘கரீப்’ என்று மட்டும் தலைப்பிடாதீர்கள்

உலக மொழிகளைத் தமிழில் தொகுக்கும் கலைக்களஞ்சிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ‘கரீப்’ என்று மட்டும் தலைப்பிட்டால் இரண்டு மொழிகள் ஒன்றாகிவிடும். வெனிசுவேலா, கயானா, சூரினாம், பிரெஞ்சு கயானா, பிரேசில் ஆகிய ஐந்து நிலப்பகுதிகளில் வாழும் கலி'னா மக்களின் மொழி கரீபியக் குடும்பத்தைச் சேர்ந்தது. டொமினிக்கா முதலிய தீவுகளில் பேசப்பட்ட ‘தீவுக் கரீப்’ அரவாக்கக் குடும்பம். இன்றைய கரிஃபுனா அதன் வழிவந்ததே. பிரெஞ்சுப் பாதிரியார் ரேமோன் பிரெத்தோன் 1665-இல் வெளியிட்ட அகராதி இந்தத் தீவு மொழிக்கானது. தீவு ஆண்களின் பேச்சில் கலி'னாச் சொற்கள் ஏராளமாக இருந்ததால் சொற்பட்டியலை மட்டும் பார்ப்பவர் ஏமாந்துபோவார். இலக்கணத்தைப் பாருங்கள்.

அடுத்து, பெயர். கலி'னாவில் ‘லி’யை அடுத்துக் குரல்வளை ஒரு கணம் அடைபடுகிறது. அது ஒரு மெய்யொலி, அலங்காரக் குறி அல்ல. ஆய்த எழுத்தைப் போட்டால் வேறு ஒலியாகிவிடும். மேற்கோள் குறியே போதும். ஆனால் தட்டச்சில் நேர்குறி, வளைகுறி இரண்டும் கலந்தால் தேடலில் பாதிப் பக்கங்கள் சிக்காது. ஒன்றையே வையுங்கள்.

உயிரொலிகள் ஆறு. ஆறாவது ஏறக்குறைய நம் ‘காது’ என்ற சொல்லின் கடைசி ஒலியான குற்றியலுகரம். சூரினாமுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் எல்லையான மரோனி ஆற்றின் பிரெஞ்சுக் கரையில், அவாலா-யலிமாப்போ பக்கம், அதை இரட்டைப் புள்ளியிட்ட ரோமன் ‘ஐ’ (ï) எழுத்தால் எழுதுவார்கள்; சூரினாமில் ‘ஒய்’ (y) எழுத்தாலும் எழுதுவதுண்டு. அங்கே ‘ஜே’க்கு (j) டச்சு முறைப்படி யகர ஒலி. பூசாரி-வைத்தியரைக் குறிக்கும் சொல்லை (pyjai) ஆங்கில வழக்கில் வாசித்தால் ‘பைஜாய்’ ஆகிவிடும். சரியான ஒலிப்பு ‘பியாய்’க்கு நெருக்கம், முதல் உயிர் மட்டும் அந்தக் குற்றியலுகரம்.

மொழிபெயர்ப்பில் கெடுவது இன்னொன்று. ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு கலி'னாவிலும் உண்டு. ஆங்கிலக் குறிப்பு வழியாக எழுதும்போது அது தொலைந்துபோகிறது. தமிழில் தொலைய வேண்டிய அவசியமே இல்லை. ‘நா'னா’ என்றால் ‘நாங்கள்’. வினை மட்டும் படர்க்கை வடிவில் வரும்: ‘நாங்கள் வந்தான்’ என்பதுபோல. எடுத்துக்காட்டு வாக்கியங்களில் இதை அச்சுப்பிழை என்று திருத்திவிடாதீர்கள்.

தலைப்பை ‘கலி'னா’ என்று வைத்து, ‘கரிஞா’, ‘கலிபி’ ஆகிய பிற பெயர்களிலிருந்து வழிமாற்றுங்கள். ‘கரீப்’ என்பது வெளியார் வைத்த பெயர். ‘கானிபல்’ (மனிதரைத் தின்பவர்) என்ற வசைச்சொல்லுக்கும் அதுவே வேர். அதை வரலாற்றுப் பகுதிக்குள் வையுங்கள்.